உங்க பூனைக்கு கேட்னிப் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

இன்ஸ்டாவில் அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. மீன் வடிவத்தில் ஒரு துணி பொம்மையைப் பூனை முன்னாடி போடுறாங்க. பூனை ஒரு தடவை மோந்து பார்க்குது. அடுத்த நிமிஷமே ஆளே மாறிடுது. கன்னத்தைத் தேய்க்குது, பொம்மையைக் கட்டிப்பிடிச்சு பின்னங்காலால் உதைக்குது, தரையில் உருண்டு புரளுது, எச்சில் ஒழுகுது. கடைசியில் சுவரையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கு. கமென்ட்ல ஒருத்தர், 'என்ன பாஸ், பூனைக்கு கஞ்சாவா?'னு கேட்டிருப்பார். இன்னொருத்தர், 'எங்க கிடைக்கும், லிங்க் ப்ளீஸ்'னு கேட்டிருப்பார்.

அந்தப் பொம்மைக்குள்ள இருக்கிற சமாசாரம்தான் கேட்னிப். ரெண்டு கேள்விக்குமே பதில் இருக்கு. முதல் கேள்விக்கு: கஞ்சாவும் இல்லை, போதைக்கு அடிமையாக்குற பொருளும் இல்லை. ரெண்டாவது கேள்விக்கு: ஆன்லைன்ல, பெட் ஷாப்ல எல்லாம் கிடைக்குது. ஆனா, எதை வாங்கணும், எவ்வளவு கொடுக்கணும், எந்தப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது என்பதை எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாங்கினாதான் உங்க காசும் வீணாகாது, உங்க செல்லத்துக்கும் பிரச்னை வராது. வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

கேட்னிப்னா என்ன?

அது ஒரு செடி. தாவரவியல் பெயர் நெப்பெட்டா கேட்டாரியா. நம்ம வீட்டு புதினா, துளசி, கற்பூரவல்லி எல்லாம் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம்தான் இதுவும். ஐரோப்பாவும் ஆசியாவின் சில பகுதிகளும் இதன் பூர்வீகம். இலை இதய வடிவத்தில், ஓரத்தில் பல் பல்லா, மேலே மெல்லிய ரோமத்தோடு சாம்பல் பச்சையில் இருக்கும். கசக்கி மோந்தா புதினா மாதிரி ஒரு வாசனை வரும். நமக்கு அவ்வளவுதான். பூனைக்கு அது வேற லெவல்.

காரணம், அந்த இலையிலும் பூவிலும் இருக்கிற நெப்பெட்டலாக்டோன் என்ற வேதிப்பொருள். இதை 1941-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் மெக்எல்வெய்ன் குழுவினர் பிரித்தெடுத்தாங்க. காற்றில் சுலபமா ஆவியாகிற பொருள் இது. பாக்கெட்டைத் திறந்தவுடனே பக்கத்து ரூம்ல தூங்குற பூனை எழுந்து வர்றதுக்கும் இதான் காரணம், திறந்து வெச்ச பாக்கெட் சில மாசத்தில் சப்புனு ஆகிறதுக்கும் இதேதான் காரணம். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, வாங்கும்போது தேவைப்படும்.

மூக்கு வழியாக மூளைக்கு...

நிறைய பேர் நினைக்கிற மாதிரி, பூனை கேட்னிப்பைச் சாப்பிட்டதால் அப்படி ஆகிறதில்லை. வாசனைதான் வேலை செய்யுது. மூக்குக்குள்ள போகிற நெப்பெட்டலாக்டோன், அங்கிருக்கும் வாசனை நரம்புகளைத் தூண்டுது. அப்புறம் ஏன் கடிச்சு, மென்னு, நக்குதுன்னு கேட்டா, அதுவும் வாசனைக்காகத்தான். இலை நசுங்கினால் வாசனை அதிகமா வெளியே வரும். நாம ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுற அதே லாஜிக்.

மூளைக்குள்ள என்ன நடக்குது என்பதை ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுச்சு. அவங்க பயன்படுத்தினது கேட்னிப்புக்குச் சொந்தக்காரப் பொருளான நெப்பெட்டலாக்டால். ஜப்பானில் மட்டடாபி என்றும், ஆங்கிலத்தில் சில்வர் வைன் என்றும் சொல்லப்படுகிற கொடியில் இருப்பது. அதை மோந்த பூனைகளின் ரத்தத்தில் பீட்டா எண்டார்ஃபின் அளவு கூடியிருந்தது. நாம நல்லா ஓடி முடிச்சதும் ஒரு இதமான ஃபீல் வருது இல்லையா, அதோடு சம்பந்தப்பட்ட, உடம்பே சுரக்கிற பொருள் இது. அந்தப் பொருள் வேலை செய்கிற இடத்தை மருந்து கொடுத்து அடைச்சபோது, பூனைகள் உருளுறதும் தேய்க்கிறதும் நின்னுபோச்சு.

அதாவது, வெளியிலிருந்து ஒரு போதைப்பொருள் உள்ளே போய் ஆட்டுவிக்கலை. வாசனை ஒரு சுவிட்சைத் தட்டுது. சந்தோஷம் பூனையோட உடம்புக்குள்ளேயே சுரக்குது. அதனால்தான் இது பூனையை அடிமையாக்குவதில்லை. பொதுவா 5 முதல் 15 நிமிஷம் ஆட்டம். அப்புறம் அரை மணி நேரத்திலிருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் அதே பொம்மையை மூக்குக்கு முன்னாடி நீட்டினாலும், 'அதுக்கு இப்ப என்ன?'ங்கிற மாதிரி பார்க்கும். அது இயல்பு. அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் தூவிப் பார்க்கிறது வேஸ்ட்.

எல்லாம் கொசுவுக்காகவா?

செடி ஏன் இந்தப் பொருளைத் தயாரிக்குது? பூனையைக் குஷிப்படுத்த இல்லை, பூச்சிகளை விரட்ட. நெப்பெட்டலாக்டோன் கொசுக்களுக்கு எரிச்சல் தரும் பொருள். அப்போ பூனை ஏன் அதில் உருளணும்? அதே ஜப்பான் குழு இதையும் சோதிச்சது. இந்த வாசனைப் பொருள் பூசப்பட்ட பூனைகளின் தலையில் வந்து உட்கார்ந்த கொசுக்கள், மத்த பூனைகளைவிடக் குறைவு. ஆக, பூனை ரீல்ஸ்ல காமெடி பண்ணலை; ஓடோமாஸ் தடவிக்குது! புதருக்குள்ள மணிக்கணக்கா அசையாம உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கிற விலங்குக்குக் கொசு கடிக்காம இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. சிங்கம், சிறுத்தை, ஜாகுவார்கூட இந்த வாசனைக்கு உருளும். புலிகள் பெரும்பாலும் கண்டுக்கிறதில்லை.

அதுக்காகக் கொசுவர்த்திக்குப் பதிலா கேட்னிப் வாங்கிடாதீங்க. வாசனை சீக்கிரம் பறந்துடும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு டாக்டர் சொன்ன மருந்துதான்.

'என் பூனை கண்டுக்கவே இல்லையே!'

ஆசையா ஆர்டர் போட்டு, மொபைல்ல வீடியோ ஆன் பண்ணி வெச்சுட்டுப் பொம்மையைப் போட்டா, பூனை ஒரு தடவை மோந்துட்டு சோபாவில் போய் படுத்துக்குதா? டுபாக்கூர் பொருள்னு ரிவ்யூ எழுதுறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை செக் பண்ணுங்க.

முதல் விஷயம், வயசு. குட்டிகளுக்கு இந்த ஈர்ப்பு பிறக்கும்போதே இருக்காது. 3 முதல் 6 மாசத்துக்குள்ளதான் பொதுவா தொடங்கும். சில பூனைகளுக்கு இன்னும் லேட்டாகும். ரெண்டு மாசக் குட்டிக்கு வாங்கினா காசுக்குக் கேடு.

ரெண்டாவது, பரம்பரை. பெரிய பூனைகளிலும் ஏறக்குறைய மூணில் ஒண்ணுக்கு கேட்னிப் வேலை செய்யாது. இது அம்மா, அப்பாவிடமிருந்து வர்ற விஷயம். உங்க பூனைக்கு ஏதோ குறைன்னு அர்த்தமில்லை.

மூணாவது, இடமும் மூடும். புது வீட்டுக்கு வந்து பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சிருக்கிற பூனை, பக்கத்தில் நாய் குரைக்கிற சத்தம் கேட்கிற பூனை, எதையும் ரசிக்கிற நிலையில் இருக்காது. ஒரு வாரம் கழிச்சு, வீடு அமைதியா இருக்கும்போது திரும்ப முயற்சி பண்ணுங்க.

இது மூணும் சரியா இருந்தும் ரியாக்‌ஷன் இல்லையா? மாற்று இருக்கு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 100 வீட்டுப் பூனைகளிடம் கேட்னிப், சில்வர் வைன், வலேரியன் வேர், டாட்டேரியன் ஹனிசக்கிள் மரம் என நாலு வகைகளைக் கொடுத்துப் பார்த்தாங்க. சில்வர் வைனுக்கு மட்டும் கிட்டத்தட்ட 80 சதவிகிதப் பூனைகள் மயங்கின. முக்கியமா, கேட்னிப்பைக் கண்டுக்காத பூனைகளில் சுமார் 75 சதவிகிதம் சில்வர் வைனை ரசிச்சன. இந்தியாவில் ஆன்லைனில் சில்வர் வைன் குச்சியாகவும் பொடியாகவும் கிடைக்குது. குச்சியைக் கடிச்சு விளையாடும்போது பக்கத்தில் இருங்க. சின்னதா தேய்ஞ்சதும் தூக்கிப் போட்டுடுங்க, விழுங்கினா சிக்கல்.

நம்ம ஊர் பூனைவணங்கி!

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்னு நினைச்சா, உங்க தெருமுனையிலேயே ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. குப்பைமேனி. அதுக்கு இன்னொரு பெயர் என்ன தெரியுமா? பூனைவணங்கி. சித்த மருத்துவத்தில் மார்ஜால மோகினின்னும் சொல்வாங்க. மார்ஜாலம் என்றால் பூனை. இந்தச் செடியைப் பிடுங்கினா, அதன் வேர் வாசனைக்குப் பூனைகள் ஓடிவந்து உருளும். நம்ம ஆட்கள் பெயரிலேயே அதை எழுதி வெச்சுட்டாங்க.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை லேப்புக்கே எடுத்துட்டுப் போனாங்க. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப் பூனைகளாகத் திரியும் வீட்டுப் பூனைகள் அங்குள்ள பறவைகளுக்குப் பெரிய தொல்லை. அவற்றைக் கவர்ந்திழுக்க ஒரு வாசனை தேடினபோதுதான் குப்பைமேனி வேரை ஆராய்ஞ்சாங்க. அதில் பூனையை இழுக்கும் பொருள்கள், கேட்னிப்பில் இருப்பதன் நெருங்கிய உறவுன்னு 2016-ல் தெரிய வந்தது.

'அப்போ கேட்னிப்தான் குப்பைமேனியா?' இல்லைங்க. சில இடங்களில் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றாங்க, அது தப்பு. கேட்னிப் புதினா குடும்பம், குப்பைமேனி ஆமணக்கு குடும்பம். கேட்னிப்பில் இலை, பூ, குப்பைமேனியில் வேர். பெரிய வித்தியாசம், பாதுகாப்பில் இருக்கு. குப்பைமேனியில் அகாலிஃபின் என்ற, சயனைடு வகையைச் சேர்ந்த சேர்மம் உண்டு. வாந்தி எடுக்க வைக்கிற குணமும் அதுக்கு இருக்கு. அதனால் கைப்பிடி இலையைப் பூனைக்குத் தின்னக் கொடுக்கிற வேலையே வேண்டாம். ஆசைக்கு ஒரு தடவை பார்க்கணும்னா, சுத்தமான இடத்தில் வளர்ந்த செடியின் வேரை மண் போகக் கழுவி, கொஞ்ச நேரம் மோந்து, தேய்ச்சுக்க மட்டும் விட்டு, கடிச்சுத் தின்னத் தொடங்கும் முன் எடுத்துடுங்க. ரோட்டோரச் செடியில் களைக்கொல்லி, நாய் மூத்திரம்னு என்னென்னவோ இருக்கலாம். தினசரி விளையாட்டுக்கு கேட்னிப்தான் சேஃப்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கடையில் பல வடிவத்தில் இருக்கும். எது யாருக்கு?

காய்ந்த இலை: முதல் தடவை வாங்குறவங்களுக்கு பெஸ்ட் சாய்ஸ் இதான். வீட்டில் இருக்கிற பழைய பொம்மை, சாக்ஸ், அட்டைப்பெட்டி எதில் வேணும்னாலும் தூவலாம். கண்ணாடி போன்ற பாக்கெட் என்றால் உள்ளே பாருங்க. பச்சை நிறம் தெரியணும். இலையும் பூமொட்டும் அதிகமா இருக்கணும். பழுப்பா, குச்சி குச்சியா இருந்தா வேண்டாம். வாசனைப் பொருள் இலையிலும் பூவிலும்தான் அதிகம், தண்டில் இல்லை. சிலர் எடை கூட்ட தண்டையும் சேர்த்து அரைச்சிடுறாங்க.

பொம்மை: சௌகரியம். ஆனா, உள்ளே கேட்னிப் எவ்வளவு இருக்கு, எப்போ அடைச்சதுன்னு தெரியாது. ஜிப் அல்லது வெல்க்ரோ வெச்சு, இலையை மாத்திக்கிற மாதிரி வர்ற பொம்மை வாங்கினா நீண்ட நாள் உழைக்கும். ஒட்டின கண், பட்டன், நீளமான நூல், மணி இருக்கிற பொம்மை வேண்டாம். பூனை நூலை விழுங்கினா குடலில் சிக்கி ஆபரேஷன் வரைக்கும் போகும்.

ஸ்ப்ரே: தரையில் இலை சிந்தாது. ஸ்கிராட்ச் போஸ்ட், பெட், கேரியர் மேல அடிக்க வசதி. ஆனா, இலையைவிட வாசனை லேசா இருக்கும். லேபிளில் வேற எசென்ஷியல் ஆயில், செயற்கை வாசனைத் திரவியம் சேர்த்திருந்தா வாங்காதீங்க. ஏன்னு கீழே சொல்றேன்.

உருண்டை: இலையை அழுத்தி உருட்டி, சுவரில் ஒட்டுற மாதிரி வரும். நக்கி நக்கி விளையாடும். எதை வெச்சு ஒட்டியிருக்காங்கன்னு லேபிளில் தெளிவா எழுதியிருந்தா மட்டும் வாங்குங்க.

விலை பிராண்டுக்கு பிராண்டு மாறும். 'ஆஃபர்' பேட்ஜைப் பார்க்காம, பாக்கெட் எத்தனை கிராம்னு பார்த்து, ஒரு கிராமுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க. ஒரு தடவைக்கு ஒரு சிட்டிகைதான் தேவை என்பதால் சின்ன பாக்கெட்டே பல வாரம் வரும். பெரிய பாக்கெட் வாங்கினா, தீருறதுக்குள்ள வாசனை தீர்ந்துடும். உங்க பூனைக்குப் பிடிக்குமான்னே தெரியாத முதல் தடவைக்கு, இருக்கிறதிலேயே சின்னதை வாங்குங்க.

வந்தவுடனே காற்று புகாத கண்ணாடி ஜாடியில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைங்க. நம்ம ஊர் வெக்கைக்கு ஃப்ரீசர் இன்னும் நல்லது. மூடி இறுக்கமா இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரோட அலமாரியில் வெச்சா நீங்க இல்லாதப்போ பூனையே கவரைக் கிழிச்சு பார்ட்டி வெச்சிடும்.

எப்படி, எவ்வளவு?

அரை டீஸ்பூனுக்கும் குறைவா ஒரு சிட்டிகை எடுங்க. ரெண்டு விரலுக்கு நடுவில் வெச்சுக் கசக்குங்க, வாசனை எழும்பும். தரையில் ஒரு பழைய துணி விரிச்சு அதில் தூவிட்டு, தள்ளி உட்கார்ந்துடுங்க. மூக்குக்கு முன்னாடி திணிக்காதீங்க. அதுவா வரட்டும்.

ஆட்டம் நடக்கும்போது நடுவில் கையை விடாதீங்க. சில பூனைகள் குழைஞ்சு போகும், சில பூனைகள் முரட்டுத்தனமா மாறும். வயித்தைத் தடவப் போனா கடி நிச்சயம். பால்கனி, ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். மூணாவது மாடி கைப்பிடிச் சுவரில் நடக்கிற பூனை, உருளுற மூடில் இருந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை போதும். தினமும் கொடுத்தா விஷமாகாது, ஆனா பழகிப்போய் சுவாரஸ்யம் குறைஞ்சிடும். கொஞ்சம் தின்னாலும் பயப்பட வேண்டாம். நிறைய தின்னா வாந்தியோ, வயித்துப்போக்கோ வரலாம்; பொதுவா நிறுத்தினதும் சரியாகிடும். நிக்காம தொடர்ந்தா டாக்டர்கிட்ட போங்க.

ரீல்ஸ் தாண்டி என்ன யூஸ்?

உண்மையிலேயே கேட்னிப்போட மதிப்பு இங்கதான் இருக்கு. அபார்ட்மென்ட்ல வளர்ற பூனைக்கு வேட்டை இல்லை, மரமேற வழியில்லை. நீங்க காலையில் ஆபீஸ் போனா ராத்திரிதான் வர்றீங்க. அந்தச் சலிப்புதான் சோபா கிழியுறதுக்கும், நடுராத்திரி மூணு மணிக்கு உங்க காலைக் கடிக்கிறதுக்கும், உடம்பு பருத்துப் போறதுக்கும் பெரும்பாலும் காரணம்.

சோபாவைக் கிழிக்குதா? திட்டாதீங்க. சோபாவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்கிராட்ச் போஸ்ட் வெச்சு, அதில் கேட்னிப் தேய்ங்க. நகம் தீட்டுறது பூனைக்கு அவசியம். இடத்தைத்தான் மாத்த முடியும். காசு செலவு பண்ண வேண்டாம்னா, சணல் கயிறை ஒரு கட்டையில் இறுக்கமா சுத்தினாலே போதும்.

கேரியரைப் பார்த்தாலே ஓடுதா? டாக்டர்கிட்ட போற அன்னிக்கு மட்டும் கேரியரை வெளியே எடுத்தா அப்படித்தான். ரெண்டு வாரம் முன்னாடியே கதவைத் திறந்து ஹாலில் வெச்சு, உள்ளே துணி விரிச்சு, அப்பப்போ ஒரு சிட்டிகை தூவுங்க. பக்கத்தில் கொஞ்சம் தீனியும் வைங்க. கேரியர்னா பயம் இல்லை, ஜாலின்னு அதுக்குப் பதியும். அவசரத்துக்கு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓட வேண்டிய நாளில் இந்தப் பழக்கம் உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

குண்டா இருக்கா? சோம்பேறிப் பூனையை விளையாட இழுக்க, குச்சியில் கட்டின இறகு பொம்மையில் கொஞ்சம் கேட்னிப் தேய்ச்சு, பத்து நிமிஷம் ஓட விடுங்க.

யாருக்குக் கொடுக்க வேண்டாம்?

கர்ப்பமா இருக்கிற பூனை, வலிப்பு வர்ற பூனை, தொடர்ந்து மருந்து சாப்பிடுற பூனை: டாக்டர்கிட்ட கேட்காம வேண்டாம். கருத்தடை ஆபரேஷன் முடிஞ்ச பூனைக்குத் தையல் ஆறும் வரை வேண்டாம். உருண்டு குதிச்சா தையல் விட்டுடும். புதுசா இன்னொரு பூனையை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ரெண்டும் சீறிக்கிட்டு இருக்கிற நேரத்திலும் வேண்டாம். சமாதானம் ஆகட்டும்னு தூவினா சண்டை முத்தும். ஏற்கெனவே பழகின ரெண்டு பூனைன்னாலும் முதல் தடவை தனித்தனி ரூமில் கொடுத்துப் பாருங்க.

பூனைக்கு வாசனை பிடிக்கும்னு எல்லாத்தையும் காட்டிடாதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணும்னா, இதை எடுங்க.

நம்ம கல்லீரல் பல பொருள்களை உடைச்சு வெளியேத்துற ஒரு வழி, பூனைக்குச் சரியா வேலை செய்யாது. அதனால் நமக்கு ஒண்ணும் பண்ணாத பொருள் பூனையின் உடம்பில் தேங்கி விஷமாகும். டீ ட்ரீ ஆயில், நீலகிரித் தைலம், புதினா எண்ணெய், பட்டை, எலுமிச்சை எண்ணெய்கள், கற்பூரம் எல்லாம் இந்த லிஸ்ட்ல வரும். 'மூக்கடைப்பா இருக்கு'ன்னு பூனை நெஞ்சில் தைலம் தேய்க்கிறது, மூடின ரூமில் டிஃப்யூசர் ஓட்டுறது, உண்ணி போகும்னு எண்ணெய் தடவுறது எதுவும் வேண்டாம். கேட்னிப் ஸ்ப்ரே லேபிளைப் படிங்கன்னு மேலே சொன்னது இதுக்குத்தான்.

காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க. ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுக்கும். குட்டியூண்டா உடைச்சுக் கொடுத்தாலும் ஆபத்துதான். பர்த்டே பொக்கேயில் வர்ற லில்லி பூவும் வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலே கிட்னி பாதிக்கும்.

கேட்னிப் மருந்து இல்லை

'ரெண்டு நாளா டல்லா இருக்கு, கேட்னிப் கொடுத்தா உற்சாகமாகிடுமா?' இந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கு. பூனைகள் வலியை மறைக்கிறதில் கெட்டிக்காரங்க. டல்லா இருக்குன்னு நமக்குத் தெரியும்போதே பல நேரம் பிரச்னை முத்தியிருக்கும். சும்மா சலிப்பில் படுத்திருக்கிற பூனை, தீனி டப்பா சத்தம் கேட்டா வந்து நிக்கும். உடம்பு முடியாத பூனை வராது. இந்த வித்தியாசத்தைப் பழகிக்கோங்க.

ஒரு நாள் முழுக்க சாப்பிடலைன்னா காத்திருக்காதீங்க. ஆண் பூனை மண் டிரேயில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குது, ஆனா சிறுநீர் வரலை, கத்துதுன்னா அது மலச்சிக்கல்னு நினைச்சு நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க. சிறுநீர்ப்பாதை அடைச்சிருந்தா ஓரிரு நாளில் உயிரே போகலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலும் அவசரம்தான். சென்னையில் இருக்கிறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. மத்த ஊர்க்காரங்க, பக்கத்தில் ராத்திரியும் திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை எதுன்னு இப்பவே விசாரிச்சு நம்பரை போன்ல சேவ் பண்ணிடுங்க.

வீட்டிலேயே வளர்க்கலாமா?

தாராளமா. விதை ஆன்லைனில் கிடைக்கும். குளிர்ச்சியை விரும்புற செடி என்பதால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஜம்முனு வரும். சமவெளியில் நவம்பரில் விதைச்சா நல்லது. தண்ணீர் தேங்காத மண், காலை வெயில், மதியம் நிழல். ஏப்ரல், மே வெயிலில் வாடினா நிழலுக்கு நகர்த்துங்க. நுனியைக் கிள்ளிவிட்டா புதர் மாதிரி அடர்த்தியா வரும்.

முக்கியமான விஷயம்: தொட்டியைப் பூனைக்கு எட்டாத இடத்தில், இல்லைன்னா கம்பி வலை போட்டு வைங்க. நாற்று முளைக்கிறதுக்குள்ள அதன் மேலேயே படுத்துத் தூங்கிடும். பூச்சிமருந்து அடிக்காதீங்க. பூ வர்ற நேரத்தில் தண்டோடு வெட்டி, நிழலில் தலைகீழா தொங்கவிட்டுக் காய வெச்சா அடுத்த சில மாசத்துக்கு ஸ்டாக் ரெடி.

மொத்தத்தில், கேட்னிப் ஒரு நல்ல பொம்மை. அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷ ஆட்டத்துக்கு அப்புறம் உங்க பூனைக்கு வேண்டியது, ஜன்னலோரம் ஒரு இடம், தினமும் கொஞ்சம் விளையாட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை தடுப்பூசியோடு டாக்டர் செக்கப். இன்னிக்கு ஆர்டர் போடுறதா இருந்தா சின்ன பாக்கெட்டா போடுங்க. வர்றதுக்குள்ள ஒரு பழைய சாக்ஸைத் துவைச்சுக் காய வெச்சிடுங்க. இலையை அதுக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டா, முதல் பொம்மை ரெடி!